மேல பளபளா... உள்ள பொக்கு!

கையில இருபதாயிரம் ரூபாய் இருக்கு. வாசல்ல ஒரு பழைய கார் நிக்குது. முதல்ல என்ன வாங்குவீங்க?

மனசைத் தொட்டுச் சொல்லுங்க பாஸ். அலாய் வீல்தானே? அடுத்தது 'டம் டம்'னு அதிர்ற ஸ்பீக்கர். அப்புறம் பின்னாடி கண்ணாடியில ஒரு ஸ்டிக்கர். உங்களைக் குத்தம் சொல்ல நான் வரலை. 2022-ல நான் இறங்கினதும் இதே வரிசையிலதான். ஸ்டிக்கர் வாங்குறதுக்கு முன்னாடியே எங்க கார் நடு ரோட்டுல தட்டாமாலை சுத்திடுச்சு. அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன். நடுவுல கொஞ்சம் கணக்கும் வரும். பயப்படாதீங்க, எட்டாங்கிளாஸ் கணக்குதான்!

எங்க வீடு திண்டிவனம். நான் படிச்சது விழுப்புரத்துல. அப்பா மல்லாட்டை வியாபாரி. (வெளியூர் ஃப்ரெண்ட்ஸுக்கு: மல்லாட்டைன்னா நிலக்கடலை. எங்க பக்கம் வந்து 'நிலக்கடலை இருக்கா'ன்னு கேட்டா, உங்களை ஏதோ கணக்கெடுக்க வந்த ஆபீசர்னு நினைச்சிடுவாங்க.) சைக்கிள்ல ஆரம்பிச்சு டி.வி.எஸ். ஃபிப்டி வரைக்கும் வந்த மனுஷன். கார் வாங்கணும்னு அவர் கனவு கண்டதே கிடையாது. வாங்க வெச்சது எங்க ஆயாவோட கால்.

ஆயாவுக்கு சர்க்கரை. கால்ல ஒரு புண் வந்து ஆறவே மாட்டேன்னுச்சு. வாரத்துக்கு ஒரு தடவை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாத்தணும். பஸ் படிக்கட்டு ஏற முடியலை. வாடகை கார் கட்டுப்படியாகலை. அப்படித்தான் ஒரு கன்சல்டிங்ல 2013 மாடல் ஆல்ட்டோ 800 வந்து சேர்ந்துச்சு. லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆன நான்தான் டிரைவர். அப்பா என் கையில இருபதாயிரத்தைக் கொடுத்து, "வண்டிக்கு என்ன செய்யணுமோ செஞ்சுக்கோ. ஆயாவை ஏத்திக்கிட்டு நடுவழியில நிக்கக் கூடாது, அவ்ளோதான்"னார்.

'என்ன செய்யணுமோ'ங்கிற அந்த ரெண்டு வார்த்தையை நான் எனக்கு வேண்டிய மாதிரி புரிஞ்சுக்கிட்டேன். அங்கதான் சனி பிடிச்சுது!

பதினாலாயிரத்துக்கு ஒரு பந்தா

சென்னையில ஒரு கடை. பழைய அலாய் வீல் நாலு, அதுல டயரும் மாட்டி, மொத்தமா 14,000 ரூபாய்னாங்க. 13 இன்ச். எங்க காருக்கு கம்பெனி கொடுத்தது 12 இன்ச் இரும்பு ரிம். ஒரு இன்ச் பெருசு, அகலமும் ஜாஸ்தி. டயரெல்லாம் கண்ணுல ஒத்திக்கிற மாதிரி கன்னங்கரேல்னு மின்னுச்சு. மறு பேச்சே பேசலை, மாட்டிட்டேன். பழைய இரும்பு ரிம் நாலும் மாட்டுக் கொட்டாய்க்குப் போச்சு. மிச்சம் ஆறாயிரத்துல ஸ்பீக்கர்.

காலேஜ்ல மரியாதையே தனி. 'மச்சி, செம லுக்குடா'ன்னு நாலு பேர் செல்ஃபி எடுத்தாங்க. வண்டியை முழுசா ஒடிச்சுத் திருப்பும்போது மட்டும் 'சரக் சரக்'னு டயர் உள்ளுக்குள்ள எதையோ உரசுச்சு. பாட்டு சவுண்டைக் கூட்டி வெச்சேன். உரசுற சத்தம் கேக்கலை. பிரச்னை தீர்ந்தது!

நவம்பர் மாசம். ஆயாவை மூணு நாள் ஆஸ்பத்திரியில வெச்சிருந்து, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினாங்க. முன்னாடி அப்பா, பின்னாடி ஆயாவும் அம்மாவும். விக்கிரவாண்டி டோல் தாண்டினதும் மழை பிடிச்சுக்கிச்சு. கூட்டேரிப்பட்டுக்கு முன்னாடி ஒரு இடத்துல ரோட்டோட இடது ஓரம் தண்ணி தேங்கி நின்னுது. மீட்டர்ல 70. தண்ணியில ஏறின அந்த நொடி, ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி லேசாயிடுச்சு. கையில எதுவுமே இல்லாத மாதிரி ஒரு உணர்வு. பதறிப் போய் பிரேக்கை மிதிச்சேன். அவ்ளோதான். கார் ஒரு அரை வட்டம் போட்டு, நடுவுல இருக்கிற அரளிச் செடிக்குள்ள பின்பக்கத்தை நுழைச்சுக்கிட்டு, வந்த திசையைப் பார்த்து நின்னுது. எதிர்ல ஒரு லாரியோட ரெண்டு லைட்டு. அந்த டிரைவர் அண்ணன் எப்படியோ ஒதுக்கி, ஹாரனை அழுத்திக்கிட்டே போயிட்டார். அவர் முகத்தைக்கூட நான் பார்க்கலை. இன்னிக்கு வரைக்கும் அவருக்கு ஒரு கும்பிடு பாக்கி இருக்கு.

யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அம்மா அழுதாங்க. ஆயா மட்டும், "என்னடா, ஊட்டைத் தாண்டிப் போயிட்டியா, திருப்புறே?"ன்னு கேட்டுச்சு.

அப்பா ஒண்ணுமே பேசலை. மழையில இறங்கினார். முன் சக்கரத்துக்கிட்ட குத்துக்கால் போட்டு உக்காந்து, டயரை உள்ளங்கையால தடவிப் பார்த்தார். கமிட்டியில மூட்டைக்குள்ள கைவிட்டு மல்லாட்டையைப் பார்ப்பாரே, அதே மாதிரி. அவர் கண்ணால பார்த்து விலை சொல்ல மாட்டார். காதுக்கிட்ட வெச்சு குலுக்குவார். கலகலன்னு சத்தம் வந்தா பருப்பு வத்திப் போச்சுன்னு தள்ளிடுவார். அன்னிக்கு எழுந்து வந்து சொன்னது ஒரே ஒரு வரி. "தோடுதான்டா பளபளன்னு இருக்கு. உள்ள பொக்கு."

பஞ்சர் கடையில் ஒரு ஸ்பெஷல் கிளாஸ்

மறுநாள் எங்க தெரு முனை பஞ்சர் கடை அண்ணன்கிட்ட வண்டியை விட்டேன். நாலு வருஷ டிகிரியில கத்துக்காததை அரை மணி நேரத்துல சொல்லிக் கொடுத்தார். அதை அப்படியே உங்களுக்குத் தர்றேன், நோட் பண்ணிக்கங்க.

"முதல்ல இதோட ஜாதகத்தைப் பாரு தம்பி"ன்னு டயரோட பக்கவாட்டுல ஒரு இடத்தைக் காட்டினார். டி.ஓ.டி.ன்னு ஆரம்பிக்கிற எழுத்து வரிசை. அதோட கடைசியில நாலு இலக்கம்: 0911. முதல் ரெண்டு இலக்கம் வாரம், அடுத்த ரெண்டு வருஷம். அதாவது 2011-ம் வருஷம், ஒன்பதாவது வாரம் பிறந்த டயர். நான் வாங்கும்போது அதுக்குப் பதினோரு வயசு! ரப்பர் ஓடினாலும் ஓடாட்டாலும் வயசாகும், இறுகிப்போகும். இறுகின ரப்பர் ஈர ரோட்டைப் பிடிக்காது. அஞ்சு வருஷம் தாண்டினா வருஷத்துக்கு ஒரு தடவை தெரிஞ்சவங்ககிட்ட காட்டிப் பார்க்கணும்; பத்து வருஷம் ஆச்சுன்னா பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழட்டிடணும். டயர் கம்பெனிகளே பொதுவா சொல்ற கணக்கு இது. கருப்பு பாலிஷ் அடிச்சா வயசு மறையும். இந்த நாலு இலக்கம் மறையாது.

ரெண்டாவது, பட்டன். டயர் காடிக்குள்ள உத்துப் பாருங்க. அங்கங்க குறுக்கால ஒரு சின்ன மேடு இருக்கும். அதோட உயரம் 1.6 மில்லிமீட்டர். மேல இருக்கிற ரப்பர் தேய்ஞ்சு அந்த மேட்டோட சமமாயிட்டா, டயரோட ஆயுசு முடிஞ்சுது. நம்ம மோட்டார் வாகன விதியும் காருக்கு 1.6-க்குக் கீழ போகக் கூடாதுன்னுதான் சொல்லுது. என் டயர்ல மேடும் ரப்பரும் கிட்டத்தட்ட ஒரே மட்டம்.

"காடி எதுக்கு இருக்கு? அழகுக்கா?"ன்னு கேட்டார் அண்ணன். தண்ணி ஓடுறதுக்கு வாய்க்கால் அது. ஒரு டயர் ரோட்டைத் தொடுற இடம் சுமாரா நம்ம உள்ளங்கை அளவுதான். நாலு டயருக்கு நாலு உள்ளங்கை. மொத்தக் காரும், உள்ள இருக்கிற குடும்பமும் அந்த நாலு உள்ளங்கையிலதான் நிக்குது. வாய்க்கால் தூர்ந்து போனா, தண்ணிக்குப் போக வழியில்லை. டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல புகுந்து காரைத் தூக்கிடும். அப்புறம் நீங்க ஓட்டுறது காரில்லை, படகு. அந்த நேரத்துல என்னை மாதிரி பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டர்ல இருந்து மெதுவா காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராப் பிடிச்சுக்கணும். தண்ணி தாண்டினதும் பிடிப்பு தானா வரும்.

எட்டாங்கிளாஸ் கணக்கு

அடுத்தது அந்த 'சரக் சரக்'. டயர்ல 145/80 ஆர்12 அப்படின்னு எழுதியிருக்கும். 145-ங்கிறது அகலம், மில்லிமீட்டர்ல. 80-ங்கிறது அந்த அகலத்துல 80 சதவீதம் பக்கச்சுவரோட உயரம். ஆர்-னா ரேடியல். 12 ரிம்மோட விட்டம், இன்ச்சுல. இப்போ கணக்கு: 145-ல 80 சதவீதம் 116. மேலயும் கீழயும் சேர்த்து 232. 12 இன்ச்சுன்னா 304.8. கூட்டினா சுமார் 537 மில்லிமீட்டர். கம்பெனி கொடுத்த டயரோட மொத்த உயரம் இது.

நான் மாட்டினது 165/70 ஆர்13. அதே கணக்குப் போட்டா 561 வருது. 24 மில்லிமீட்டர் ஜாஸ்தி, சதவீதத்துல நாலரை. அதனாலதான் உரசுச்சு. இன்னொரு கூத்தும் இருக்கு. சக்கரம் பெருசானா ஒரு சுத்துக்குப் போற தூரமும் ஜாஸ்தி. ஸ்பீடோமீட்டருக்கு அது தெரியாது. அது 70 காட்டும்போது நான் உண்மையில 73-ல போய்க்கிட்டிருந்தேன்!

ரிம் மாத்தவே கூடாதான்னு கேக்குறீங்களா? மாத்தலாம். மொத்த உயரம் ரெண்டு சதவீதத்துக்கு மேல மாறாம பார்த்துக்கங்க. உதாரணத்துக்கு 155/65 ஆர்13. இதோட உயரம் 532, ஒரு சதவீதம்தான் வித்தியாசம். 2010-ல வந்த ஆல்ட்டோ கே10-க்கு கம்பெனியே கொடுத்த அளவு இது. ஆனா டயர் கணக்கு சரியா வந்தா மட்டும் போதாது. ரிம்ல நட்டு போடுற துளைகள் அமைஞ்ச வட்டத்தோட அளவு உங்க வண்டியோட அளவும் ஒண்ணா இருக்கணும். சின்ன கார்கள்ல 100 மில்லிமீட்டரும் உண்டு, 114.3-ம் உண்டு. 'தட்டி உக்கார வெச்சிடலாம் சார்'னு யாராவது சொன்னா, அந்தக் கடையில டீ மட்டும் குடிச்சிட்டு வந்துடுங்க. நடு ஓட்டை, ரிம் வெளிய துருத்துற அளவு, அலாய்க்கு ஏத்த நட்டு... இதெல்லாமும் பொருந்தணும்.

சட்டமும் இருக்கு. கம்பெனி கொடுத்த மூல அமைப்பை மீறி வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவை வெச்சு சுப்ரீம் கோர்ட் 2019-ல தீர்ப்பு சொல்லியிருக்கு. அதனால கண்ட அளவுக்குத் தாவாம, உங்க மாடலோட டாப் வேரியன்ட்டுக்கு கம்பெனி என்ன ரிம், என்ன டயர் கொடுத்திருக்குன்னு பாருங்க. அதே அளவுல நின்னுக்கிறது நல்லது.

இன்னொரு உண்மை. நம்ம பட்ஜெட்ல கிடைக்கிற அலாய், இரும்பை விட இலேசா இருக்கும்னு நிச்சயமில்லை. பெரிய பள்ளத்துல விழுந்தா இரும்பு ரிம் வளையும், தட்டி நிமித்திடலாம். மட்டமான அலாய் விரிசல் விடும். நம்ம ஊர் சர்வீஸ் ரோட்டைப் பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

பலூன்ல ஆரம்பிச்ச ஊர்

டயருக்காக நாம ரொம்ப தூரம் யோசிக்கவே வேண்டாம். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் பாய்ட் டன்லப் 1888-ல காத்தடைச்ச டயருக்கு பேட்டன்ட் வாங்கினார். அவர் அதைச் செஞ்சது மகனோட மூணு சக்கர சைக்கிளுக்காக. நம்ம பக்கம் கதை இன்னும் ஜாலி. 1946-ல திருவொற்றியூர்ல கே.எம்.மாம்மன் மாப்பிள்ளைங்கிறவர் பலூன் செய்ய ஆரம்பிச்சார். அந்த மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரிதான் இன்னிக்கு எம்.ஆர்.எஃப். பலூன் கம்பெனியோட ஒரு ஷேர் விலை 2023 ஜூன்ல ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுச்சு! அதோட ஒரு ஃபேக்டரி புதுச்சேரி ஏரிப்பாக்கத்துல, எங்களுக்குக் கூப்பிடு தூரத்துல இருக்கு. சென்னை பாடியில இருக்கிற வீல்ஸ் இந்தியா 1960-கள்ல இருந்தே ரிம் செய்யுது. இப்படி ஒரு மாநிலத்துல இருந்துக்கிட்டு பதினோரு வயசு டயரை வாங்கின ஒரே அதிபுத்திசாலி நானாத்தான் இருப்பேன்!

அப்புறம் என்ன ஆச்சு?

அலாயை வித்தேன். 14,000-த்துக்கு வாங்கினது 6,000-த்துக்குப் போச்சு. எட்டாயிரம் காலி. எத்தனை மூட்டை மல்லாட்டையை அப்பா தூக்கி இறக்கினா எட்டாயிரம் லாபம் வரும்னு அன்னிக்கு ராத்திரி கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை மட்டும் உங்ககிட்ட சொல்லப்போறதில்லை. ஸ்பீக்கரையும் வித்து, ட்யூஷன் எடுத்த காசையும் போட்டேன். மாட்டுக் கொட்டாய்ல இருந்து இரும்பு ரிம் திரும்பி வந்துச்சு. கம்பெனி சொன்ன அதே அளவுல, அந்த வருஷமே பிறந்த புது டயர் நாலு. அப்போ எனக்கு ஆனது பதினோராயிரம். (2025 செப்டம்பர் 22-ல இருந்து புது டயருக்கு ஜி.எஸ்.டி. 28-ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு. பேரம் பேசும்போது ஞாபகம் வெச்சுக்கங்க.)

பழைய காரை முதல் தடவை கையில எடுக்கிறவங்களுக்கு என்னோட வரிசை இதுதான். முதல்ல டயர். நாலும் வாங்க காசில்லைன்னா ரெண்டு வாங்குங்க. அந்தப் புது ரெண்டையும் பின்னாடி மாட்டுங்க. முன் சக்கரம் இழுக்கிற வண்டியா இருந்தாலும் பின்னாடிதான். முன்னாடி வழுக்கினா ஸ்டீயரிங்குக்குத் தெரியும். பின்னாடி வழுக்கினா என்னை மாதிரி அரை வட்டம்தான். அடுத்தது அலைன்மென்ட், பேலன்சிங், புது வால்வு. ரிம் கழட்டி மாட்டினா, நூறு கிலோமீட்டர் ஓடின பிறகு நட்டை ஒரு தடவை முடுக்கிப் பாருங்க. மூணாவது பிரேக். பேட் தேய்மானத்தைப் பாருங்க, பழைய பிரேக் ஆயிலை மாத்துங்க. நாலாவது வைப்பர் ரப்பர். சில நூறு ரூபாய்தான். மழைக்காலத்துல இதைவிட மலிவான கண் ஆபரேஷன் கிடையாது!

அஞ்சாவது ஹெட்லைட். மங்கலா இருந்தா முதல்ல மஞ்சளான கண்ணாடியை பாலிஷ் போடுங்க, நல்ல 60/55 வாட்ஸ் பல்பு மாட்டுங்க. 100/90 வாட்ஸ் பல்பை அப்படியே சொருகினா ஒயரு சூடாகி உருகும். எதிர்ல வர்றவர் கண்ணும் கூசும். அவரும் ஒரு ஆயாவைக் கூட்டிட்டு வரலாம் இல்லையா? ஆறாவது, ஸ்டெப்னி. அதுல காத்து இருக்கான்னு பாருங்க. கடைசியா, காசே ஆகாத அப்கிரேட்: காத்து. டிரைவர் கதவைத் திறந்தா எவ்வளவு காத்துன்னு ஸ்டிக்கர் இருக்கும். மாசம் ரெண்டு தடவை, டயர் சூடாகாம இருக்கும்போது பாருங்க. நைட்ரஜன் இல்லைன்னு கவலைப்படாதீங்க. சாதாரண காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்!

இதெல்லாம் முடிஞ்சு காசு மிச்சமிருந்தா, தாராளமா ஸ்டிக்கர் ஒட்டுங்க. நான் தடுக்க மாட்டேன்.

2024 ஃபெஞ்சல் புயல் ஞாபகம் இருக்கா? டிசம்பர் 1-ந் தேதி காலையோட முடிஞ்ச ஒரே நாள்ல எங்க மயிலத்துல சுமார் 50 சென்டிமீட்டர் மழை. ரோடு எது, ஏரி எதுன்னு தெரியலை. அந்த மாதிரி நாள்ல எந்த டயரும் காப்பாத்தாது. வண்டியை வீட்டுல நிறுத்துறதுதான் பெரிய பாதுகாப்பு. நிறுத்தினோம்.

தண்ணி வடிஞ்ச அடுத்த வாரம், ஆயாவைக் கூட்டிக்கிட்டு முண்டியம்பாக்கத்துல இருந்து திரும்பி வந்துக்கிட்டிருந்தோம். தூறல். கூட்டேரிப்பட்டுக்கு முன்னாடி அதே இடம், அதே இடது ஓரத்துல தண்ணி. இந்தத் தடவை மீட்டர்ல 50. ஒரு நாய் குறுக்கே ஓடுச்சு. பிரேக் மிதிச்சேன். கார் நேரா, சமத்தா, தண்ணியைக் கிழிச்சுக்கிட்டுப் போய் நின்னுது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. சட்டைப் பையில இருந்து ரெண்டு மல்லாட்டையை எடுத்து, வழக்கம் போல காதுக்கிட்ட குலுக்கிப் பார்த்துட்டு, ஒண்ணை என் கையில வெச்சார்.

பின் சீட்டுல ஆயா குறட்டை விட்டுக்கிட்டிருந்துச்சு.